அதிலேயே போங்க

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்." எங்கள் வேலையில் முதலில் சொல்லித்தருவது இதுதான். படுக்கையில் இருப்பவர்களை ஒரே பக்கமாக விட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் அதே வார்த்தை, வீட்டிலும் அதே வார்த்தை. நானும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், மைசூரில் அந்த வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் அப்போது இருந்தேன். சூப்பர்வைசர்தான் கூட்டிப்போனார். கட்டிலில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். கை விரல், கால் விரல் எல்லாம் முடக்குவாதத்தில் உள்ளே மடங்கியிருந்தன. பக்கத்தில் அவருடைய தம்பி நின்றார். சூப்பர்வைசர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"கவலையே வேண்டாம் சார். நல்ல பொண்ணு. கரெக்டா திருப்பிப் போட்டுடுவா."

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏன், தோசை சுட வந்திருக்காளா?"

சூப்பர்வைசர் சிரித்தார். தம்பியும் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தமிழா நீ?"

"ஆமாங்கம்மா. ஹனூர்ப் பக்கமுங்க."

"உங்கம்மா ஹனூர்ல இருப்பாங்க. நான் உனக்கு அம்மா இல்ல. மேடம்னு கூப்பிடு. டிக்கெட் கவுண்டர்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. என்னை யாரும் திருப்பிப் போடக் கூடாது. 'மேடம், திரும்பறீங்களா'ன்னு கேளு. நான் சரின்னா, திரும்பறது நான். நீ கை கொடு, அவ்வளவுதான்."

மேடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவர். அவருடைய அப்பாவும் ரயில்வேதான். அந்த வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கீழ்வீட்டில் அவர், மாடியில் தம்பியும் தம்பி மனைவியும். இப்போது மேடம் உயிரோடு இல்லை. பேரை எழுத மாட்டேன். மேடம் என்றால் போதும்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் கேட்க வேண்டும். ஃபேன் போட, ஜன்னல் அடைக்க, தலை சீவ, போர்வையை இழுத்துவிட. கேட்காமல் வாயைத் துடைத்தால் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில், "மேடம், குளிக்கலாமா?" என்றேன்.

"நீயும் குளிக்கப் போறியா?"

"இல்லீங்க. நீங்கதான்."

"அப்புறம் என்ன 'குளிக்கலாமா'? குளிக்கறீங்களான்னு கேளு."

"குளிக்கறீங்களா மேடம்?"

"இல்ல."

வெந்நீர் பக்கெட்டில் ஆறிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் போனது. "சரி, வா, குளிக்கறேன்" என்றார்.

"அப்ப ஏனுங்க இல்லைன்னீங்க?"

"இல்லைன்னா நீ நிக்கறியான்னு பார்த்தேன்."

இன்னொரு நாள் சொன்னார்: "எங்க போகணும்னு கேட்காம ஒருத்தருக்காவது நான் டிக்கெட் கொடுத்திருக்கேனா? நீ மட்டும் எப்படி ஒண்ணும் கேட்காம என் கையைத் தூக்கறே?"

அதற்கப்புறம் கேட்டேன்.

அவரும் கேட்பார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட மாட்டார். கூப்பிட்டால், "இப்ப முடியுமா, முடிச்சுட்டு வர்றியா?" என்பார். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. நீ எனக்கு மகள் மாதிரி என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் வீடுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மகள் மாதிரி என்பார்கள். தட்டும் டம்ளரும் மட்டும் எனக்குத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மேடம் வீட்டில் டம்ளரெல்லாம் ஒரே அலமாரியில்தான் இருந்தன. எந்த டம்ளர் யாருக்கு என்று யாரும் பார்க்கவில்லை.

மேடத்துக்குக் கோபம் அதிகம் என்று எல்லாரும் சொல்வார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஓர் ஆள் வருவார். மேடத்தின் கையைப் பிடித்து ஊசியைக் குத்திக்கொண்டே என்னைக் கேட்பார், "அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"அவ அம்மாவுக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்பார் மேடம். "நீங்க குத்தற கைக்காரிக்கு இருக்கு."

அடுத்த முறையும் அந்த ஆள் என்னைத்தான் கேட்டார்.

எதிர்வீட்டு அம்மாள் கன்னடக்காரர். நல்ல மனசுதான். ஆனால் வாசலில் நின்று என்னிடம்தான் விசாரிப்பார். "அம்மா ஊட்டா மாடித்ரா?" அம்மா சாப்பிட்டாரா என்று. உள்ளேயிருந்து மேடம் கத்துவார்: "நன்னன்னே கேளி!" என்னையே கேளுங்கள். மூன்றாவது முறையிலேயே அந்த அம்மாள் திருந்திவிட்டார். நேராக ஜன்னலுக்கு வந்து மேடத்தையே கேட்க ஆரம்பித்தார். படித்த லேப்காரர் கடைசி வரை திருந்தவில்லை.

தசராவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். விளக்கு அலங்காரம் பார்க்க வந்தவர்கள், வந்ததுக்கு மேடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு தங்களுக்குள் பேசினார்கள்.

"எப்படி இருந்தவ. எவ்வளவு சுறுசுறுப்பு."

"சைக்கிள்ல வேலைக்குப் போவா, ஞாபகம் இருக்கா?"

"பாவம்."

மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாரைப் பத்திப் பேசறீங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்றார். அதோடு பேச்சு நின்றது. காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது ஒரு பெரியம்மா வாசலில் என் காதில், "மூளையும் கொஞ்சம் அப்படித்தானோ?" என்றார். நடக்க முடியாது என்றால் மூளை இருக்காது, காது கேட்காது, கோபம் வரக் கூடாது. இதையெல்லாம் யார் முடிவு பண்ணுகிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனி பாத்ரூம் விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெரிய சண்டை அதில்தான். அதை விட்டுவிட்டு மேடத்தைப் பற்றி எழுத முடியாது.

மேடத்துக்கு வருவது தெரியும். அடக்கவும் முடியும். எழுந்து போகத்தான் முடியாது. அதற்குத்தான் நான். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, அவருடைய கைகள் என் கழுத்தைச் சுற்றியதும் நிற்பேன். "ம், போலாம்" என்று அவர் சொன்ன பிறகு தூக்கி, சக்கர நாற்காலிக்கு மாற்றுவேன். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. அப்படியே தள்ளிப்போய் டாய்லெட்டுக்கு மேல் நிறுத்திவிடலாம். முதுகு வலிக்கும் வேலைதான். பொய் சொல்லவில்லை.

நான் சாயந்திரம் கிளம்பியதும் ராத்திரிக்கு வருகிற ஆள், அதைச் செய்ய முடியாது என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் தம்பிக்குப் போன் பண்ணினார். தம்பி பெரிய பாக்கெட்டாக டயப்பர் வாங்கி வந்து கட்டிலில் வைத்தார்.

"அக்கா, இப்ப எல்லாரும் இதான் போட்டுக்கறாங்க. இதுல என்ன வெட்கம்?"

"வெட்கம் இல்லைல்ல? அப்ப நீ போட்டுக்கோ. தினம் ஹெப்பாள்ல இருந்து பஸ்ல நின்னுட்டு வர்றே, டிராஃபிக்ல மாட்டிக்கறே. உனக்குத்தான் ரொம்ப உபயோகம்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியாம போயிடறவங்களுக்கு அது வேணும். நான் வேண்டாங்கல. எனக்குத்தான் தெரியுதே. வரும்போது சொல்றேன். கூட்டிட்டுப் போனா ஆச்சு."

தம்பி கெட்டவர் இல்லை. மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. தெருவில் தங்கமானவர் என்று பேர். அக்காவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. பாக்கெட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அக்கா சொன்னதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்காத மாதிரி போய்விட்டார்.

என் மாமனார் இறந்துபோனார். காரியம் முடிகிற வரை நான் ஊரில் இருக்க வேண்டியதாயிற்று. என் இடத்துக்கு ஏஜென்சி ஒரு கன்னடப் பெண்ணை அனுப்பியது.

திரும்பி வந்தபோது மேடம் கண்ணை மூடியிருந்தார். உதடு வெடித்திருந்தது. நெற்றி கொதித்தது. மேஜையில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

"மேடம், போர்வையை எடுக்கட்டுங்களா?"

தலையை அசைத்தார். எடுத்தேன். டயப்பர் மாட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"குடிச்சா வரும்" என்றார். குரலே இல்லை.

அந்தப் பெண்ணை அடுப்படியில் வைத்துக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "கூப்பிட்டாங்க அக்கா. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அதிலேயே போங்கன்னு சொன்னேன். அதுக்குத்தானே போட்டிருக்கு? சூப்பர்வைசர் சார் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. இவளை அடித்து என்ன ஆகப் போகிறது? சொல்லிக்கொடுத்தவர் வேறு ஆள்.

கேட்டுக் கழற்றினேன். கேட்டுத் தூக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து மேடம் பட்ட வலியை எழுத மாட்டேன். டாக்டர் வந்தார். சிறுநீரில் கிருமி என்றார். "தண்ணி குடிக்கறதில்லையா?" என்று தம்பியைக் கேட்டார்.

"வயசாச்சில்லையா டாக்டர். பிடிவாதம்" என்றார் தம்பி.

"டயப்பர் மாட்டினதாலதான் குடிக்கலீங்க" என்றேன் நான். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

காய்ச்சல் விட்டது. உட்காரும் தெம்பு வந்ததும் மேடம் சொன்னது ஒன்றுதான்: "அந்த சூப்பர்வைசரை வரச் சொல்லு. பேசணும்."

நல்ல வெயில் நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். மேடம் தலை வாரி, கஞ்சி போட்ட சேலை கட்டி, சக்கர நாற்காலியில் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வாங்க சார். இந்த வெயில்ல அலைய வெச்சுட்டேன். சாருக்கு மோர் கொடு."

பெரிய சொம்பில் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். ரோடு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எந்த ஸ்கூல் என்றெல்லாம் மேடம் விசாரித்தார். இளநீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அப்புறம் காபி.

"சரி சார், விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னு கூப்பிட்டேன். உங்க ஆளு கூட்டிட்டுப் போகல."

சூப்பர்வைசர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். "மேடம், அந்தப் பொண்ணுக்குத் தமிழ் கொத்தில்ல. தெரியாது. புரிஞ்சிருக்காது."

"தமிழ்ல ஒண்ணுக்கு. கன்னடத்துல ஒந்தக்கே. இதுல புரியாம போக என்ன இருக்கு? நான் கன்னடத்துலயேதான் கேட்டேன்."

"இல்ல மேடம், இது எங்க சிஸ்டம். பாத்ரூம்ல விழுந்துட்டா யார் பொறுப்பு? ஸ்டாஃபுக்கும் முதுகு வலி வருது."

"இவளுக்கும் முதுகு இருக்கு. ஒரு நாள் என்னைக் கீழ போட்டதில்ல. இன்னொரு காபி குடிங்க."

"ஐயோ, போதும் மேடம்."

"ரயில்வேக்காரங்க வீட்ல ஒரு காபியோட அனுப்ப மாட்டோம். குடிங்க."

குடித்தார். மேடம் பேசிக்கொண்டே போனார். சூப்பர்வைசர் காலை மாற்றி மாற்றி வைத்தார். பேக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் எழுந்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

எனக்கு அப்போதுதான் மோர் புரிந்தது, இளநீர் புரிந்தது. எனக்குச் சம்பளம் கொடுக்கிற ஆள் அவர். கையைக் காட்டியிருந்தால் போதும்.

"மேடத்தைக் கேளுங்க சார்" என்றேன்.

"மேடம், பாத்ரூம்..."

"அதிலேயே போங்க" என்றார் மேடம்.

"எதுல?"

"அலமாரி மேல இருக்கு. எடுத்துக் கொடு. சாருக்குப் பெரிய சைஸ் வேணும்."

"என்ன மேடம், தமாஷ் பண்றீங்க?"

"எனக்குச் சொன்னப்ப யாரும் சிரிக்கலையே சார்."

அவர் முகம் கறுத்துவிட்டது. பேக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்கூட்டர் உடனே கிளம்பவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்தார். தெருமுனையில் வண்டி நின்றதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்தாராம். ஆம்பளைக்கு ஒரு சுவர் இருந்தால் போதும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை, மடங்கின விரலால் சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

சாயந்திரமே போன் வந்துவிட்டது. நாளையிலிருந்து எனக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேறு வீடு. இந்த வீட்டுக்கு இனி ஏஜென்சியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். தம்பி கீழே வந்தார்.

"அக்கா, வந்த மனுஷனை அவமானப்படுத்தி அனுப்பிட்டே. இனிமே யார் வருவா?"

"யாரும் வரலைன்னா நீ வா."

அவர் என்னைப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, "நாளைக்கு வர மாட்டேனுங்க மேடம்" என்றேன்.

"தெரியும். உனக்கு வேலை இருக்குல்ல?"

"இருக்குதுங்க."

"அப்ப கிளம்பு. பஸ் போயிடும்."

அவ்வளவுதான். கண்ணீர் கிண்ணீர் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனுஷி கேட்டார். அதற்கு இவ்வளவு சண்டை.

அதற்கப்புறம் நடந்ததை எதிர்வீட்டு அம்மாள் போனில் சொன்னார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள் காலையில் தம்பி மனைவி டயப்பரை எடுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறார். மேடம் வேண்டாம் என்றிருக்கிறார். அவர் கேட்காமல் போர்வையை இழுத்திருக்கிறார். தெரு ஜன்னல் திறந்திருந்தது. மேடம் ஸ்டேஷனில் மைக்கில் சொல்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாராம்.

"பிரயாணிகரே, தயவிட்டு கமனிசி! நனகே ஒந்தக்கே பர்த்தா இதே!"

பயணிகளே, தயவுசெய்து கவனியுங்கள், எனக்கு ஒண்ணுக்கு வருகிறது. கன்னடத்தில் முடித்துவிட்டுத் தமிழில். அப்புறம் இங்கிலீஷில். திரும்பவும் கன்னடத்தில். காய்கறி வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். எதிர்வீட்டு அம்மாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். தம்பி கம்பெனிச் சட்டைக்கு பட்டன் போட்டும் போடாமலும் ஓடிவந்தார்.

"கத்தாதே அக்கா! மானம் போகுது!"

"யார் மானம்?" என்று மேடம் கேட்டது தெரு முழுக்கக் கேட்டதாம்.

தம்பி தூக்கினார். எப்படித் தூக்குவது என்று தெரியாமல் முதல் தடவை தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். முழங்காலுக்கு முட்டுக்கொடு என்று மேடம் கட்டிலிலிருந்தே சொல்லியிருக்கிறார். வேறு ஏஜென்சியில் ஆள் கிடைக்கிற வரைக்கும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவர்தான் செய்தார். புது ஏஜென்சியோடு போனில் பேசும்போது முதல் பேச்சாக அவர் சொன்னதை எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "டயப்பர் கிடையாது. கூப்பிட்டா கூட்டிட்டுப் போகணும். முடியும்னா மட்டும் அனுப்புங்க."

கொஞ்ச நாள் கழித்து மேடத்துக்குப் போன் பண்ணினேன். விரல் முட்டியால் அமுக்கி ஸ்பீக்கரில் பேசுவார்.

"யாரு?"

"நான்தாங்க மேடம்."

"ம். அங்க எப்படி?"

"பரவாயில்லீங்க. புது ஆள் நல்லவளுங்களா?"

"நல்லவளா கெட்டவளா, அது எனக்கெதுக்கு? கூப்பிட்டா வர்றா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வர்றா. தூக்கி வெச்சுக்கட்டும். நாற்காலியைத் தள்றா."

"தண்ணி குடிக்கறீங்களா?"

"குடிக்காம? இரு." குரல் அந்தப் பக்கம் திரும்பியது. "ஏம்மா, வா. போகணும்."

"இப்பத்தானே போனீங்க?" என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சலித்துக்கொண்டது.

"இப்ப மறுபடி வருது. வா."

மேடம் என்னை மறந்துவிட்டார். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. "ம், போலாம்" என்று கேட்டது. சக்கரம் உருண்டு போனது. ஒரு கதவு சாத்தியது. நான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் யாருடைய வீட்டுக் கொல்லையிலோ காதில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

வைத்துவிட்டேன்.